லேசு என்று நான் எழுதிய சொல்: கிருமாம்பாக்கம், பாகூர், ஒரு பகல்

கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, காபிக் கடை என்று பாண்டிச்சேரிக் கட்டுரை தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது பாண்டிக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நெல்லும் கரும்பும் விளைகிற பாகூர்ப் பக்கம் போய் வந்த கதை. புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் சுற்றும் ஆசையில் கிளம்பவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு என்னால் வேலை போகவிருந்தது. அதற்காகத்தான் போனேன்.

சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில், வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. இத்தனைக்கும் நான் பாஸ்போர்ட் எடுத்தவனே தவிர, அதில் ஒரு முத்திரை வாங்கியவன் இல்லை. நோயாளியிடம் வலியை எப்படி விசாரிப்பது, டாக்டரிடம் போனில் எப்படிப் பேசுவது என்று எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வாரத்தில் வசவுச் சொற்களுக்கென்று ஒரு வகுப்பு வைப்பேன். அங்கே போய்த் திடீரென்று காதில் விழுந்தால் பிள்ளைகள் கலங்கிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அதற்காக ஒரு தாள் தயாரித்திருந்தேன். இடது பக்கம் சொற்கள், மேலே நாடுகள்: அமெரிக்கா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா. ஒவ்வொரு கட்டத்திலும் கனம், நடுத்தரம், லேசு என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும்.

அந்தச் சொற்களை இங்கே எழுதப்போவதில்லை. பெண் நாயைக் குறிப்பது ஒன்று, பெண்ணுறுப்பைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல் ஒன்று, விலைமகளைக் குறிப்பவை இரண்டு மூன்று. உங்களுக்கே தெரியும். அந்த நான்கெழுத்துச் சொல்லுக்கு அமெரிக்கக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘மிகக் கனம்’ என்று போட்டிருந்தேன். அங்கே அது பெரும்பாலும் பெண்ணை நோக்கி வீசப்படுவது. இங்கிலாந்தில் ஆணையும் சொல்வார்கள், ஆனாலும் கனம்தான். ஆஸ்திரேலியாவில் கூட்டாளியையே அப்படிக் கூப்பிடுவார்கள், முன்னால் ‘நல்ல’ என்று சேர்த்தால் பாராட்டாகவே ஆகிவிடும் என்று இணையத்தில் படித்திருந்தேன். அங்கே இருந்து திரும்பிய ஒரு ஆண் நர்ஸும் அதையே சொன்னார். ஆஸ்திரேலியக் கட்டத்தில், ‘லேசு. சிரித்துவிட்டுப் போகவும்’ என்று எழுதிவிட்டேன். ஆணையும்தானே சொல்கிறார்கள், அப்புறம் அதில் பெண்ணைக் கேவலப்படுத்த என்ன இருக்கிறது என்பது அப்போதைய என் எண்ணம்.

அந்த வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “சார், ரெண்டு ஆம்பளைங்க திட்டிக்கினாலும் பொம்பள சமாச்சாரத்த வெச்சுத்தான் திட்டிக்கிறாங்க. அப்புறம் எப்பிடி சார் லேசு?” என்று கேட்டாள். “பரீட்சைல இது வராதும்மா, உக்காரு” என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். அவள்தான் ஜெனிதா.

பாகூர்ப் பக்கத்துப் பெண். ஆஸ்திரேலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே ஒரு பெரியவர். தினமும் காலையில் டீ கொண்டுபோனால் அந்த நான்கெழுத்துச் சொல்லால்தான் இவளைக் கூப்பிடுவார். மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார்த்தாள். எல்லாரையும் அப்படித்தான் சொல்வார், பிரியத்தில் சொல்வது என்று பதில் வந்தது. என் தாளிலும் அதுதானே இருந்தது. எட்டு மாதம் சிரித்துவிட்டுப் போனாள். ஒரு நாள் காலை பெரியவர் நல்ல மனநிலையில் இருந்தபோது, நீங்களும் ஒரு நல்ல இன்னது என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டாள். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். வாசலில் நின்ற அவர் மகன் சிரிக்கவில்லை. எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னதும் ஜெனிதா ஊருக்கு வந்துவிட்டாள். வியாழக்கிழமை வீடியோவில் விசாரணை. வேலை போனால் விசாவும் போய்விடும். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தச் சொல் லேசு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நான்தான் என ஒரு கடிதம். மைய உரிமையாளரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மையத்தின் பெயர் போட்ட தாளில் தானே ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். ‘மாணவி பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்’ என்பது அதன் நடு வரி. கீழே நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மெயிலில் அனுப்பியிருக்கலாம். நேரில் கொடுத்தால் உறுத்தல் கொஞ்சம் குறையும் என்று பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருவான்மியூரில் காலை 5.40-க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ். பாண்டிக்கு 180 ரூபாய். இடது பக்க ஜன்னல் சீட் பிடித்தால் கடல் தெரியும் என்று எல்லாப் பயணக் கட்டுரையிலும் எழுதுகிறோம். எனக்குத் தெரிந்தது இடுப்பு வலிதான். மரக்காணம் உப்பளம் தாண்டும்போது ஒரு முறை கண் விழித்தேன். 9.05-க்குப் பாண்டி பஸ் ஸ்டாண்ட். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 70 ரூபாய். வடை நேற்றையது.

பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே ஒருவன் பைக்கைக் கொண்டுவந்து என் முழங்காலில் இடித்தான். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். அவனும் சொன்னான். இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. நான் சொன்னது அவனை அல்ல, அவன் அம்மாவை. அவன் சொன்னது என் அம்மாவை. இடித்தவனும் இடிபட்டவனும் நாங்கள், வாங்கிக் கட்டிக்கொண்டது சம்பந்தமே இல்லாத இரண்டு அம்மாக்கள். பதினோரு வருடமாக இதற்குத் தாள் எழுதி, நகல் எடுத்துக் கொடுக்கிறவன் நான்.

9.40-க்குக் கடலூர் போகும் தனியார் பஸ். கிருமாம்பாக்கத்துக்கு 20 ரூபாய். பாட்டுச் சத்தம் அதிகம், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். அரியாங்குப்பத்தில் ஏறிய ஒருவரைப் பார்த்து கண்டக்டர், “கம்னாட்டி, நேத்து எங்கடா பூட்ட?” என்றார். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்கினார். இந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் புழங்குகிற சொல். கைம்பெண்டாட்டி என்பது தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள். புருஷனை இழந்தவள் என்று பொருள். ஒரு ஆணை இன்னொரு ஆண் செல்லமாகத் திட்டுவதற்குப் புருஷன் செத்த ஒருத்தி வேண்டியிருக்கிறாள். தாள் போட்டால் இந்தக் கட்டத்திலும் லேசு என்றுதான் எழுதியிருப்பேன்.

தவளக்குப்பத்தில் நல்லவாடு கடற்கரையிலிருந்து வந்த மீன் கூடைகள் இரண்டு ஏறின, பஸ் முழுக்க வாசனை. பிள்ளையார்குப்பத்தில் ஆஸ்பத்திரிக் கூட்டம் இறங்கியது. கிருமாம்பாக்கத்தில் நான் இறங்கும்போது 10.25. பதினைந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம், அதற்குத் தக்கபடி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனிதா ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். “வாங்க சார். பஸ்ஸு கூட்டமா?” என்றாள். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பையைத் தொடவில்லை.

“வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கழனிக்குப் போயிட்டுப் போவலாம் சார். அம்மா நடவுல இருக்கு. சாவி அதுங்கிட்ட மாட்டிக்கிச்சு.”

பாகூர் சாலையில் நான்கு கிலோமீட்டர், அப்புறம் வலது பக்கம் மண் பாதை. இரண்டு பக்கமும் கரும்பு. கரும்பு முடிந்ததும் கண் கூசுகிற மாதிரி தண்ணீர் கட்டிய வயல். நடவு மிஷின் இறங்கினால் புதைந்துவிடும் நிலமாம், அதனால் கையால்தான் நடுகிறார்கள். பதினோரு பெண்கள், சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை, வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர்தான் ஜெனிதாவின் அம்மா லூர்து மேரி. இந்த நடவுக் கூட்டத்தைச் சேர்த்து நடத்துகிறவர் அவர்தான். எங்களைப் பார்த்து, “இந்த மொன வரைக்கும் நட்டு முடிச்சிட்டு வரேன் சார்” என்றார்.

வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டு நிலத்துக்காரர் நின்றிருந்தார். பாஸ்கர் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். போனில் யாரோடோ உரம் வராததைப் பற்றிச் சண்டை. போனை வைத்த சூட்டோடு வயலைப் பார்த்தார். நாற்றுக்கு நாற்று இடைவெளி அதிகம் என்று பட்டிருக்கிறது.

“கம்னாட்டிங்களா, இன்னாடி நடுறீங்க? எரும படுக்குற அளவுக்கு எடம் உட்டு?”

பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள். கையில் கட்டுக் கட்டாக இருந்த நாற்று முடிகளை அப்படியே சேற்றில் வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வரப்பில் ஏறி, வாய்க்காலில் கை கால் கழுவி, வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, டீ நேரம் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

“போச்சு. வரப்புல ஏறிட்டாங்க” என்றாள் ஜெனிதா.

என்ன இது என்று கேட்டேன்.

“எங்கம்மா கூட்டத்துல இதான் வழக்கம் சார். வேலைல கொற சொன்னா கேட்டுக்குவாங்க. இந்த மாதிரி வார்த்த சொன்னா ஏறிடுவாங்க. சண்ட போடமாட்டாங்க. சொன்னவரே சேத்துல எறங்கி, நாத்து முடிய கையில எடுத்துக்கினு, பேர் சொல்லிக் கூப்புடணும். அது வரைக்கும் எறங்கமாட்டாங்க.”

பாஸ்கருக்கும் வழக்கம் தெரிந்திருந்தது. ஆனாலும் பேசிப் பார்த்தார். “இன்னா லூர்து, பொதுவா ஒரு வார்த்த சொன்னதுக்கு இப்பிடி கோச்சிக்கினு? பசங்கள சொல்றதுதான? என் மச்சானையே நான் அப்பிடித்தான் கூப்புடுறேன். இன்னா இருக்குது அதுல?”

எனக்குக் காது சூடேறியது. அவர் பேசியது எல்லாம் என் தாளில் இருந்தது. ஆணையும் சொல்கிறோம், பிரியத்தில் சொல்வது, சிரித்துவிட்டுப் போகவும்.

லூர்து மேரி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நீ சொன்னா உன் மச்சான் உன்ன திருப்பிச் சொல்லுவான் தம்பி. நீயும் சிரிப்ப. நாங்க திருப்பிச் சொன்னா நாளைக்கு இந்தக் கழனிக்கு எங்கள கூப்புடுவியா?”

நான் ஜெனிதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. திருப்பிச் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறவள் அவள்தானே.

வரிசையின் கடைசியில் செல்வி என்று ஒரு பெண். ஆடி மாதம்தான் புருஷன் இறந்தாராம், ஜெனிதா மெதுவாகச் சொன்னாள். பாஸ்கர் அவளை நினைத்துச் சொல்லவில்லை. அது நிச்சயம். அவள் மட்டும் நட்ட நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். பறித்த நாற்று வெயிலில் கிடக்கிறது, அன்றைக்கே நட்டாக வேண்டும். பாஸ்கர் இரண்டு பேருக்குப் போன் போட்டார். வேறு நடவுக் கூட்டம் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு முடியை எடுத்தார்.

“செல்வி, எறங்கும்மா.”

முதலில் அவளைக் கூப்பிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அவள் எழுந்து வந்து முடியை வாங்கிக்கொண்டாள். அப்புறம் லூர்து. அப்புறம் இன்னும் நான்கு பேர். அதோடு நின்றுவிட்டார். மீதி ஐந்து பேரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

“எட்டு வருசமா உங்க கழனிலதான் நடுறேன்” என்றார் ஒரு அம்மா.

“தெரியலன்னா கேளு தம்பி” என்றார் லூர்து மேரி.

கேட்டார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லிக் கூப்பிட, எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி ஆளைக் கேட்காமலே ராணி என்று கூப்பிட்டார். “அது எங்க அக்கா பேரு. பரவால்ல போ” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் இறங்கினாள். அதன் பிறகு நெருக்கித்தான் நட்டார்கள். அவர் சொன்ன குறை சரியான குறைதான்.

சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மணி 12.20. அரசு கட்டிக்கொடுத்த சின்ன கான்கிரீட் வீடு, வாசலில் வேப்பமரம், உள்ளே ஒரு மாதா படம், மூலையில் ஜெனிதாவின் பெரிய பெட்டி, விமான நிலைய ஸ்டிக்கர் கிழிக்காமல். பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றாள். பிரித்தால் திரும்பப் போகமாட்டோமோ என்று இருக்கிறதாம்.

கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். மடிப்பு கலையாமல் மடித்தாள்.

“தப்பாப் புரிஞ்சிக்கினேனா சார்?”

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். என் தாள். ஆஸ்திரேலியக் கட்டத்தில் என் கையெழுத்து. சிரித்துவிட்டுப் போகவும். அதன் கீழே அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

“தெனமும் சிரிச்சேன் சார். வெளிய வந்து பாத்ரூம்ல மூஞ்சி கழுவிக்கினு அடுத்த ரூமுக்குப் போவேன். ஒரு நாளு நம்மளும் சொல்லிப் பாப்பம், லேசுதானன்னு சொன்னேன். நான் தப்பா எதுவும் புரிஞ்சிக்கல. நீங்க எழுதுனத அப்பிடியேதான் புரிஞ்சிக்கினேன்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று உரிமையாளர் கெடுபிடியானவர், எனக்கு ஐம்பத்து மூன்று வயது, இனிமேல் வேறு இடம் கிடைப்பது கஷ்டம் என்று உளறினேன். கேட்டுக்கொண்டாள்.

“உங்களுக்கு வேல போயிடும்னா வேணாம் சார். நா வேற எதுனா வழி பாத்துக்குறேன். ஆனா இத நா குடுக்கமாட்டேன். இது பொய்யி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அலுப்பாகச் சொன்னாள். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள், என்னைவிட அலுத்துப்போயிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் தம்பியின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வாங்கி எழுதினேன். ஆங்கிலத்தில் சில வரிகள்தான். இந்தச் சொல் உங்கள் நாட்டில் லேசானது என்று இவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கேட்டால் சிரிக்கவும் என்று எழுதிக் கொடுத்தவனும் நான். எட்டு மாதம் கேட்டுக்கொண்டதும், ஒரு நாள் திருப்பிச் சொன்னதும் என் பாடத்தின்படிதான். யார் யாரிடம் சொன்னால் அந்தச் சொல் லேசு, யாரால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது என்பதை நான் பாடத்தில் சேர்க்கவே இல்லை. அந்தத் தவறு என்னுடையது. கீழே பெயர், போன் நம்பர், கையெழுத்து. பையில் கொண்டுவந்த கடிதத்தை நானே நான்காகக் கிழித்தேன்.

இரண்டு மணிக்கு லூர்து மேரி வந்தார். சங்கரா மீன் குழம்பு, சோறு. கடிதம் எழுதியாகிவிட்டதா என்று மகளிடம் கேட்டார், அவள் தலையாட்டினாள், அத்தோடு சரி. “சாருக்கு நடுத் துண்டு போடுடி” என்றார். வாத்தியார் என்ற மரியாதையோ என்னவோ, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கிருமாம்பாக்கம் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து, தாளின் படத்தையும் சேர்த்து அங்கிருந்தே மெயில் அனுப்பினோம். 3.10. உரிமையாளருக்கும் ஒரு பிரதி போட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

திரும்பும்போது வேறு வழியில் போகலாம் என்று பாகூர் வந்து, கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் பஸ் பிடித்தேன். 25 ரூபாய், ஐம்பது நிமிடம். பாகூர் ஏரி கொஞ்சம் தெரியும், அப்புறம் வயல், செங்கல் சூளை, வயல். நடுவில் தமிழ்நாட்டு எல்லை வந்து போகும், சாராயக் கடை போர்டுகள் காணாமல் போய்த் திரும்ப வருவதை வைத்துத்தான் தெரியும். வில்லியனூரில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கும்போது உரிமையாளர் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் சார், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார். சரி என்றேன். இன்னொரு டீ சொன்னேன். கோயிலுக்குள் போகலாம் என்று நினைத்திருந்தேன், கால் வரவில்லை. வில்லியனூரிலிருந்து பாண்டி பஸ் ஸ்டாண்ட் பத்து கிலோமீட்டர், 15 ரூபாய்.

இதை எழுதும்போது எனக்கு வகுப்பு இல்லாமல் ஆறு வாரம் ஆகிறது. வீட்டில் இரண்டு பேர் வந்து படிக்கிறார்கள். அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நாடுகளின் பெயரை எல்லாம் அடித்துவிட்டேன். அமெரிக்காவில் கனம், ஆஸ்திரேலியாவில் லேசு என்பது பொய் இல்லை, அது பாதிதான். பீர் குடிக்கும் இரண்டு சிநேகிதர்களுக்கு நடுவே லேசு. டீ கொண்டுவரும் பெண்ணுக்குக் கனம். நாடு ஒன்றேதான், அறை ஒன்றேதான், சொல்கூட ஒன்றேதான். ஆணைச் சொன்னாலும் பெண்ணைச் சொன்னாலும் அந்தச் சொல் எடுத்துவரப்பட்ட இடம் பெண்ணின் உடம்பு, அல்லது அவள் தாலி. அதைச் சிரித்துக்கொண்டு சொல்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பஸ் ஸ்டாண்டில் நான் என்ன சொன்னேன் என்று மேலேதான் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: பாண்டியிலிருந்து கிருமாம்பாக்கத்துக்கு நாள் முழுக்க பஸ் உண்டு. அங்கிருந்து பாகூருக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், தனி ஆட்டோ 150 கேட்பார்கள். புரட்டாசியில் போனால் நடவு பார்க்கலாம், குடை கட்டாயம். வரப்பில் நின்று போட்டோ எடுப்பதற்கு முன் நடுகிறவர்களைக் கேளுங்கள். கிருமாம்பாக்கத்தைத் தாண்டினால் சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று: ஒரு சொல் அங்கே லேசு என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எழுதியவரை எப்போதாவது யாராவது அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வியாழக்கிழமை விசாரணை ஒன்றரை மணி நேரம் நடந்தது. என்னையும் போனில் கூப்பிட்டு, எழுதியது நான்தானா என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். ஜெனிதாவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், வேலை போகவில்லை. பெரியவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போனவளுக்கு அதே தளம், அதே அறை, அதே காலை டீ. போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

“சார், இன்னிக்கும் அந்த வார்த்தையாலதான் கூப்புட்டாரு. டீய டேபிள்ல வெச்சுட்டு கதவாண்ட போயி நின்னுட்டேன். என் பேர் சொன்னாத்தான் வருவேன்னு சொன்னேன். பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. தப்பாத்தான் சொன்னாரு, ஜெனிஃபர்னு. பரவால்லன்னு எறங்கிட்டேன்.”